7-3 என்ற ஸ்கோரும், கல்லூரி ஃபுட்பாலை அலசுவதில் நாம் செய்யும் தவறுகளும்

2022 செப்டம்பர் 3 அன்று அயோவா பல்கலைக்கழக அணி சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று வென்றது. அமெரிக்க ஃபுட்பாலில் எதிரணிப் பக்கத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன். அதற்கு 6 புள்ளி, அதைத் தொடரும் கூடுதல் உதைக்கு 1 புள்ளி. ஆகவே 7 என்று பார்த்ததும் ஒரு டச்டவுன் அடித்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அன்று அயோவா ஒரு டச்டவுன்கூட அடிக்கவில்லை. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பும் ஃபீல்டு கோல் ஒன்றில் 3 புள்ளி வந்தது. மீதி நான்கும் இரண்டு சேஃப்டிகளில் வந்தவை. பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்த எண்ட் ஸோனுக்குள்ளேயே மடக்கிப் பிடித்தால், தடுக்கும் அணிக்கு 2 புள்ளி கிடைக்கும். அதற்குப் பெயர்தான் சேஃப்டி. அயோவாவின் 7 புள்ளியில் 4 புள்ளியைத் தேடித்தந்தது தாக்கும் பக்கம் அல்ல, தடுக்கும் பக்கம்.

எதிரணி அப்படித் தன் எண்ட் ஸோனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டது எப்படி? அயோவாவின் பன்டர் டோரி டெய்லர் அன்று முழுவதும் பந்தைத் தூக்கி உதைத்து, அவர்களை அந்த மூலையிலேயே முடக்கிப் போட்டார். ஸ்கோரை மட்டும் பார்த்தால் இது எதுவும் தெரியாது.

உதைத்தே ஆடும் கால்பந்தை மட்டும் தெரிந்தவர்களுக்காக இரண்டு வரி. இந்த ஆட்டத்தில் பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு உண்டு, அதை டவுன் என்பார்கள். ஒவ்வொரு முறை ஆடுவதும் ஒரு பிளே. நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும். தேறாது என்று தெரிந்தால் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணிக்கு விட்டுக்கொடுப்பார்கள், அது பன்ட். தாக்குவதற்கு ஒரு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர், உதைப்பதற்கு இன்னொரு கூட்டம். ஆள் மாறி மாறி இறங்குவதாலேயே இவை மூன்றும் தனித்தனி ஆட்டம் என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது.

இந்த விளையாட்டைத் தொடர்ந்து பார்க்க ஆரம்பித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். திங்கட்கிழமை புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து, தாக்குதலில் எத்தனையாவது இடம், தடுப்பில் எத்தனையாவது இடம் என்று இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு, ஒரு அணியைப் புரிந்துகொண்டேன் என்று நம்பினேன். பல சீசன் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகுதான், அந்த இரண்டு எண்ணும் ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழுந்தபடி இருக்கின்றன என்பது புரிந்தது.

தாக்குதலையும் தடுப்பையும் பிரித்துப் பார்ப்பது

தவறுகளிலேயே பெரியது இதுதான். அயோவாவையே எடுத்துக்கொள்வோம். 2023 சீசனில் உயர்மட்டப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் இருந்த 130க்கும் மேற்பட்ட அணிகளில், ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த யார்டில் அயோவாதான் கடைசி. ஆனால் அதே அணி அந்த ஆண்டு 10 ஆட்டங்களை வென்று, பிக் டென் என்ற அணிக் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவில் முதலிடம் பிடித்தது. டெய்லர் அந்த சீசனில் மொத்தம் 4,479 யார்டு பன்ட் அடித்து தேசிய சாதனை படைத்தார்.

இதைப் பார்த்து, மோசமான தாக்குதலை நல்ல தடுப்பு சுமந்தது என்று எழுதுவது எளிது. பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி, அந்த அணி ஆபத்தே வேண்டாம் என்று வேண்டுமென்றே முடிவெடுத்திருந்தது என்பது. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவைப்படும்போது நீளமான பாஸ் எறிந்து பந்தைப் பறிகொடுப்பதைவிட, சும்மா ஓடி நான்கு யார்டு எடுத்துவிட்டு, பன்ட் அடித்து எதிரணியை 90 யார்டு நடக்க வைப்பது மேல் என்ற கணக்கு அது. தடுப்பின் மேல் நம்பிக்கை இருப்பதால்தான் தாக்குதல் அப்படி ஆடுகிறது. அப்படி ஆடுவதால்தான் தடுப்பின் எண்கள் இன்னும் அழகாகத் தெரிகின்றன. அந்தத் தாக்குதல் உண்மையிலேயே பலவீனமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேறு தடுப்போடு சேர்த்து வைத்திருந்தால் இதே பயிற்சியாளர்கள் இதே பிளேக்களை அழைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான இடத்திலிருந்தும் ஒரு ஆட்டத்தைப் பார்க்கலாம். 2018 செப்டம்பர் 22 அன்று ஆர்மி அணி (அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி) ஓக்லஹோமாவுக்குப் போனது. ஓக்லஹோமாவின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தி பாஸ் எறிபவர்) கைலர் மர்ரி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை அந்த ஆண்டு வாங்கியவர். நாட்டிலேயே மிகவும் அஞ்சப்பட்ட தாக்குதல்களில் ஒன்று அவர்களுடையது. அன்று வழக்கமான நேரம் முடிந்தபோது ஸ்கோர் 21-21. ஓவர்டைமில்தான் ஓக்லஹோமா 28-21 என்று தப்பித்தது. அப்படியானால் ஆர்மியின் தடுப்பு அவ்வளவு பிரமாதமா? அது நன்றாகத்தான் ஆடியது. ஆனால் மர்ரியை உண்மையில் அடக்கியது ஆர்மியின் தாக்குதல். டிரிபிள் ஆப்ஷன் என்னும் ஓட்ட முறையில் மூன்று யார்டு, நான்கு யார்டு என்று எடுத்து, நான்காவது டவுனிலும் துணிந்து ஓடி, 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடத்துக்கும் மேல் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். மர்ரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்வரை டச்டவுன் அடிக்க முடியாதே! சிறந்த தடுப்பு சில நேரம் தாக்குதல் உடையில் இறங்குகிறது.

மிச்சிகன் 2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட்டை 24-15 என்று வென்ற ஆட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி அன்று முழு ஆட்டத்திலும் 8 பாஸ்தான் எறிந்தார். இரண்டாம் பாதியில் அவர் கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லை. 60 பாஸ் யார்டு என்ற எண்ணைப் பார்த்தவர்கள் மிச்சிகனின் பாஸ் ஆட்டம் சரிந்துவிட்டது என்று எழுதினார்கள். சரியவில்லை, தேவைப்படவில்லை. பென் ஸ்டேட்டின் ஓரத் தடுப்பாளர்கள் குவார்ட்டர்பேக்கைத் துரத்துவதில் புலிகள். எறியப் போனால்தானே துரத்த முடியும்? முன்னிலையில் இருக்கும்போது அவர்களுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்காமல் ஓடித் தள்ளினார்கள். அந்த அணிதான் கடைசியில் தேசியப் பட்டத்தையும் வென்றது.

ஆகவே ஒரு அணியின் தாக்குதலைப் பற்றி எழுத உட்காரும் முன், அதன் தடுப்பு எப்படிப்பட்டது, எந்த இடத்திலிருந்து பந்து கிடைக்கிறது, பன்டர் யார் என்ற மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

மொத்தக் கணக்கை வைத்து முடிவு கட்டுவது

கிரிக்கெட்டில் ஒருவர் 60 ரன் எடுத்தார் என்றால் எத்தனை பந்தில் என்று உடனே கேட்போம். ஃபுட்பாலில் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். ஆட்டத்துக்கு 450 யார்டு கொடுக்கும் தடுப்பு மோசம், 320 யார்டு கொடுப்பது நல்லது என்று சொல்லிவிடுகிறோம்.

சிப் கெல்லி 2009 முதல் 2012 வரை ஓரெகான் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது, ஒரு பிளே முடிந்ததும் எதிரணி மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஸ்னாப்பை (பந்தைப் பின்னால் கொடுத்து பிளேயைத் தொடங்குவது) எடுத்துவிடுவார்கள். தாக்குதல் சீக்கிரம் புள்ளி எடுத்துவிட்டு வெளியே வந்துவிடும், தடுப்பு மறுபடி களத்தில் நிற்கும். இப்படி ஆடும் அணியின் தடுப்பு ஒரு ஆட்டத்தில் கூடுதலான பிளேக்களைச் சந்திக்கும். கூடுதல் யார்டும் கொடுக்கும். ஒரு பிளேக்கு எத்தனை யார்டு, ஒரு டிரைவுக்கு (பந்து கையில் இருக்கும் ஒரு முறைக்கு) எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால்தான் அதன் நிஜத் தரம் தெரியும். மெதுவாக ஆடும் அணிகளுக்கு இதே கணக்கு தலைகீழாக வரும், அவற்றின் தடுப்பு இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர்கள் கவனிக்க: 2023 முதல் கல்லூரி ஆட்டத்தில் விதி மாறிவிட்டது. முன்பு ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும், அதாவது புதிதாக நான்கு வாய்ப்பு கிடைக்கும் ஒவ்வொரு முறையும், கடிகாரம் நிற்கும். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டும்தான் அப்படி நிற்கிறது. ஓடும் கடிகாரத்தில் பிளேக்கள் குறையும், யார்டும் குறையும். 2015-ன் 450 யார்டும் 2024-ன் 450 யார்டும் ஒன்றல்ல.

ஓவர்டைமும் எண்களைக் குழப்பும். 2018 நவம்பர் 24 அன்று டெக்சஸ் ஏ அண்ட் எம் அணி எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) 74-72 என்று வென்றது. சீசன் சராசரியில் எல்எஸ்யூ தடுப்பு அன்று 74 புள்ளி கொடுத்ததாகப் பதிவாகும். ஆனால் வழக்கமான நேர முடிவில் ஸ்கோர் 31-31. அதன் பிறகு ஏழு ஓவர்டைம். கல்லூரி ஓவர்டைமில் ஒவ்வொரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டிலேயே பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். இவ்வளவு பக்கத்தில் தொடங்கினால் புள்ளி கொட்டத்தான் செய்யும். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஓவர்டைம் விதிகளையே மாற்றினார்கள்.

அடுத்தது பலரும் விழும் குழி, என்னையும் வெகுநாள் ஏமாற்றியது. குவார்ட்டர்பேக் பாஸ் எறியப் பின்வாங்கும்போது அவரை மடக்கி வீழ்த்தினால் அது சேக். தொழில்முறை ஆட்டமான என்எஃப்எல்லில் சேக்கில் இழந்த யார்டை அணியின் பாஸ் கணக்கிலிருந்து கழிப்பார்கள். கல்லூரியில் ஓட்டக் கணக்கிலிருந்து கழிப்பார்கள். ஒரு அணி 30 முறை ஓடி 150 யார்டு எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 5, நல்ல ஓட்டம். அன்றே ஐந்து சேக்கில் 40 யார்டு இழந்திருந்தால், பதிவேட்டில் 35 ஓட்டம், 110 யார்டு, சராசரி 3.1 என்று நிற்கும். பாஸ் பாதுகாப்பில் இருந்த ஓட்டையை ஓட்டத்தின் தலையில் கட்டியாயிற்று. தடுப்புப் பக்கமும் இதே கதைதான். சேக் அதிகம் எடுக்கும் தடுப்பு, ஓட்டத்தை அடக்குவதில் கில்லாடி என்பதுபோலப் பட்டியலில் மேலே ஏறிவிடும். ஓட்டத்தைப் பற்றி ஏதாவது எழுதும் முன் சேக்குகளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு வரும் யார்டுகளையும் ஒதுக்க வேண்டும். 35 புள்ளி பின்னால் இருக்கும் அணி, எதிரணியின் இரண்டாம் வரிசை வீரர்கள்மேல் கடைசிக் கால் பகுதியில் எடுக்கும் 150 யார்டு எதையும் சொல்லாது. சீசன் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிகளை அழைத்து ஆடும் ஆட்டங்களையும் தனியாக வைக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. மேலே சொன்ன சவுத் டகோட்டா ஸ்டேட் எஃப்சிஎஸ் அணிதான், அந்த சீசனில் தன் பிரிவின் தேசியப் பட்டத்தையே வென்ற அணி. 2007-ல் மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என்று வீழ்த்திய அப்பலாச்சியன் ஸ்டேட்டும் அந்தப் பிரிவில் இருந்து வந்ததுதான்.

நிற்கும் விதத்தைத் திட்டம் என்று நினைப்பது

குவார்ட்டர்பேக் பந்து கொடுப்பவருக்கு ஐந்து யார்டு பின்னால் நின்றால் அது ஷாட்கன். உடனே பாஸ் அணி என்று முத்திரை குத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ரிச் ரோட்ரிகஸ் வெஸ்ட் வர்ஜீனியாவில் பேட் ஒயிட்டையும் ஸ்டீவ் ஸ்லேட்டனையும் வைத்து ஆடியது ஷாட்கனில்தான். ஆனால் அந்த அணியின் உயிர் ஓட்டம். ஓரத்தில் நிற்கும் தடுப்பாளர் ஒருவரைத் தடுக்காமலே விட்டுவிடுவார்கள். அவர் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கை நோக்கிப் பாய்ந்தால் குவார்ட்டர்பேக் பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவார், அவர் அசையாமல் நின்றால் பந்தை ஒப்படைத்துவிடுவார். ஆளை அகலமாகப் பரப்பி நிறுத்துவது எறிவதற்காக மட்டுமல்ல, நடுவில் ஆளைக் குறைத்து ஓடுவதற்காகவும்தான்.

மறுபக்கம் மைக் லீச், ஹால் மம்மி இருவரும் வளர்த்த ஏர் ரெய்டும் பார்வைக்குப் பரப்பிய ஷாட்கன்தான். நோக்கம் முற்றிலும் வேறு, பாஸ் எறிவது. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், அவ்வளவே.

தடுப்பிலும் 4-3 ஆடுகிறார்கள், 3-4 ஆடுகிறார்கள் என்று எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறோம் (முதல் எண் முன்வரிசை ஆட்கள், அடுத்தது அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள்). பாஸைப் பிடிக்கும் ரிசீவர்களை எதிரணி மூன்று, நான்கு பேராக இறக்கும் இந்தக் காலத்தில் பெரும்பாலான கல்லூரி அணிகள் ஒரு லைன்பேக்கரை வெளியே எடுத்துவிட்டு ஐந்தாவது பின்தடுப்பாளரோடுதான் ஆட்டத்தின் பெரும்பகுதியை ஆடுகின்றன. டெக்சஸ் கிறிஸ்டியன் அணியில் கேரி பேட்டர்சன் 4-2-5-ஐயே அடிப்படையாக வைத்திருந்தார். அயோவா ஸ்டேட் (முன்பு பேசிய அயோவா வேறு, இது வேறு) 2017-ல் மூன்று பேரை மட்டும் முன்னே நிறுத்தி, பின்னால் மூன்று சேஃப்டிகளை வைத்து, பிக் 12 கூட்டமைப்பின் பாஸ் மழைக்குக் குடை பிடித்தது. இங்கே சேஃப்டி என்பது ஆளின் பெயர், புள்ளியின் பெயரல்ல. புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த ஒரு சொல்லிலேயே நிறையக் குழம்புவார்கள்.

உண்மையில் எண்ண வேண்டியது ஸ்னாப்புக்கு முன் பின்னால் ஆழத்தில் எத்தனை சேஃப்டி நிற்கிறார்கள், ஸ்னாப்புக்குப் பிறகு எத்தனை பேர் அங்கே மிஞ்சுகிறார்கள் என்பதைத்தான். முன்பு இரண்டு, பிறகு ஒன்று என்று மாறினால் தடுப்பு ஏமாற்றுகிறது என்று அர்த்தம். அங்கேதான் திட்டம் இருக்கிறது.

என்எஃப்எல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லூரி ஆட்டத்தைப் பார்ப்பதும் இந்த வகைத் தவறுதான். மைதானத்தின் அகலம் இரண்டிலும் 160 அடி. ஆனால் பந்தை வைக்கும் ஹேஷ் கோடுகளின் இடைவெளி என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம், கல்லூரியில் 40 அடி. கல்லூரியில் பந்து இடது ஹேஷில் இருந்தால் ஒரு பக்கம் 60 அடி, மறுபக்கம் 100 அடி இடம். அதனால் பயிற்சியாளர்கள் இடது, வலது என்று அதிகம் பேசுவதில்லை. அகலமான பக்கம், குறுகிய பக்கம் என்றுதான் பேசுவார்கள். தடுப்பாளர்களும் அதற்கேற்ப இடம் மாறுவார்கள். வேகமானவர் அகலப் பக்கம், முட்டி மோதுபவர் குறுகிய பக்கம். ஒரு அணி வலது பக்கமே ஓடுகிறது என்று நீங்கள் குறித்து வைத்தால், அன்று பந்து பெரும்பாலும் இடது ஹேஷில் இருந்தது என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இல்லாமல் போகலாம்.

முன்வரிசை வீரர்கள் பாஸ் பறக்கும் முன் எவ்வளவு தூரம் முன்னே போகலாம் என்பதிலும் வித்தியாசம் உண்டு. என்எஃப்எல்லில் ஒரு யார்டு, கல்லூரியில் மூன்று. இந்த இரண்டு யார்டுதான் ஓட்டமா பாஸா என்று ஸ்னாப்புக்குப் பிறகு முடிவெடுக்கும் ஆர்பிஓ முறையைக் கல்லூரியில் இவ்வளவு செழிக்க வைத்தது. முன்வரிசை ஓட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும், லைன்பேக்கர் அதை நம்பி முன்னே வருவார், அவர் விட்டுவந்த இடத்தில் பந்து விழும். அதைப் பார்த்துவிட்டு அந்த லைன்பேக்கர் தவறு செய்தார் என்று எழுதாதீர்கள். அவர் எதைச் செய்தாலும் தவறாக்குவதுதான் அந்தப் பிளேயின் வேலை.

ஒரே ஆட்டத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது

2020 செப்டம்பர் 26 அன்று மைக் லீச் மிசிசிப்பி ஸ்டேட்டில் தன் முதல் ஆட்டத்தில் இறங்கினார். எதிரில் நடப்புச் சாம்பியன் எல்எஸ்யூ. மிசிசிப்பி ஸ்டேட் 44-34 என்று வென்றது. குவார்ட்டர்பேக் கே.ஜே. காஸ்டெல்லோ 623 யார்டு எறிந்து எஸ்இசி கூட்டமைப்பின் சாதனையை உடைத்தார். ஏர் ரெய்டுக்கு எஸ்இசியில் பதில் இல்லை என்று அந்த வாரம் முழுக்கப் பேச்சு.

அடுத்த சனிக்கிழமை ஆர்கன்சா வந்தது. எஸ்இசியில் தொடர்ந்து 20 ஆட்டம் தோற்றிருந்த அணி. மிசிசிப்பி ஸ்டேட்டை 21-14 என்று வென்றுவிட்டுப் போனது. எல்எஸ்யூ ஒவ்வொரு ரிசீவரோடும் ஒரு ஆளை ஒட்டவிட்டுத் திணறியது. ஆர்கன்சாவோ மூன்று பேரை மட்டும் முன்னே அனுப்பிவிட்டு எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. ஓடிக் காட்டு, நாங்கள் வர மாட்டோம் என்று சொல்வதுபோல. லீச் தன் பழக்கத்தை விட்டு ஓடவில்லை. காஸ்டெல்லோ அன்றும் 300 யார்டுக்கு மேல் எறிந்தார், மூன்று இன்டர்செப்ஷனோடு (எதிரணி பறித்த பாஸ்). யார்டு இருந்தது, புள்ளி இல்லை.

முதல் வாரத்து ஆட்டம் ஏர் ரெய்டைப் பற்றிச் சொன்னதைவிட, எல்எஸ்யூ தன் தடுப்பை மாற்றிக்கொள்ள மறுத்ததைப் பற்றித்தான் அதிகம் சொன்னது. இரண்டாவது வாரம் வரும்வரை அதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

ஜார்ஜியாவின் 2021 தடுப்பைப் பாருங்கள். அந்த ஆண்டு அதற்கு இணை இல்லை. அதிலிருந்து ஐந்து பேர் அடுத்த என்எஃப்எல் தேர்வின் முதல் சுற்றிலேயே போனார்கள். டிசம்பர் 4-ல் எஸ்இசி இறுதி ஆட்டத்தில் அலபாமா அதை 41-24 என்று கிழித்தது. பிரைஸ் யங் 421 யார்டு எறிந்தார், ஜார்ஜியாவால் அவரை ஒருமுறைகூட சேக் செய்ய முடியவில்லை. குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றார்கள். 2022 ஜனவரி 10-ல் அதே இரண்டு அணிகள் தேசிய இறுதியில் மோதின. இப்போது ஜார்ஜியா 33-18. யங் நான்கு முறை வீழ்ந்தார். ஜார்ஜியா அழுத்தம் கொடுக்கும் விதத்தை மாற்றியது உண்மை. அதோடு, அலபாமாவின் ரிசீவர் ஜான் மெட்சி முதல் மோதலிலேயே காயப்பட்டிருந்தார், ஜேமிசன் வில்லியம்ஸ் இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். இதில் எத்தனை பங்கு திட்டம், எத்தனை பங்கு காயம் என்று தராசில் நிறுத்த முடியாது. இரண்டையும் சொல்லிவிட்டு எழுதுவதுதான் நேர்மை.

ஃபம்பிள் (கையிலிருந்து பந்து நழுவுவது) விஷயமும் கிட்டத்தட்ட இப்படித்தான். பந்தைத் தட்டி விடுவது திறமை. கோணலான அந்தப் பந்து தரையில் குதித்து யார் கையில் சிக்கும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஆறு ஃபம்பிளில் ஆறையும் எடுத்த தடுப்பு அடுத்த மாதமும் அப்படியே எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பந்தையே பார்ப்பது

தொலைக்காட்சிக் கேமராவும் பந்தையேதான் பார்க்கிறது, அதனால் இதில் நம்மை முழுதாகக் குறை சொல்ல முடியாது. ஆழத்தில் நிற்கும் சேஃப்டிகள் திரையிலேயே வர மாட்டார்கள். பாஸ் ஒன்று டச்டவுன் ஆனதும் ரிசீவரைத் தடுக்கும் ஆட்களில் கேமராவில் கடைசியாகத் தெரிந்த கார்னர்பேக்கைத் திட்டுகிறோம். அவருக்கு உள்ளே உதவிக்கு வரவேண்டிய சேஃப்டி வேறு ஆளைத் துரத்திக்கொண்டு போயிருக்கலாம். என்ன வகைத் தடுப்பு அழைக்கப்பட்டது என்று தெரியாமல் தனி ஆளின் தலையில் பழியைப் போடாதீர்கள். மாணவப் பையன்கள் அவர்கள், பத்தொன்பது இருபது வயது. எழுதுகிறவருக்கு அந்த நினைப்பும் இருக்க வேண்டும்.

சேக்குக்கும் இது பொருந்தும். மூன்று வினாடிக்குள் வீழ்ந்தால் பெரும்பாலும் முன்வரிசையின் தவறு. நான்கைந்து வினாடி நின்றும் எறிய ஆளில்லாமல் வீழ்ந்தால், பெருமை எதிரணியின் பின்தடுப்புக்குப் போகவேண்டும், இல்லையென்றால் குவார்ட்டர்பேக்கின் தயக்கத்தைக் கேட்க வேண்டும்.

எனக்குப் பலன் தந்த ஒரு வழி, மறுஒளிபரப்பில் பந்தை விட்டுவிட்டு கார்டுகளைப் பார்ப்பது. பந்து கொடுப்பவருக்கு இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அவர்கள். ஒருவர் தன் இடத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால், ஓட்டம் பெரும்பாலும் அந்தத் திசையில்தான். முன்னே இடித்தால் ஓட்டம், பின்வாங்கினால் பாஸ். லைன்பேக்கர்களும் அவர்களைத்தான் பார்க்கிறார்கள். பத்து பிளே இப்படிப் பார்த்தால் அந்த அணி எதை விற்கிறது, எதை மறைக்கிறது என்று புரியத் தொடங்கும்.

மூன்றாவது டவுன் மாயை

ஒரு அணி மூன்றாவது டவுனில் 30 சதவீதம்தான் வெற்றி பெறுகிறது என்றால், மூன்றாவது டவுனுக்குத் திட்டமில்லை என்கிறோம். வியாதி பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே இருக்கும். முதல் டவுனில் ஒன்றும் தேறாமல், இரண்டாவதில் இரண்டு யார்டு எடுத்தால் மூன்றாவதில் 8 யார்டு நிற்கும். அதை யாரும் அடிக்கடி தாண்ட முடியாது. புள்ளிவிவர எழுத்தாளர் பில் கானலி பரப்பிய வெற்றி விகிதம் என்ற அளவுகோல் இதற்காகவே பயன்படும். முதல் டவுனில் தேவையான தூரத்தில் 50 சதவீதம், இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் எடுத்தால் அந்தப் பிளே வெற்றி. இல்லையென்றால் தோல்வி. கையாலேயே கணக்குப் போடலாம்.

போன வருடக் கோப்பைத் திறப்பது

2018-ல் எல்எஸ்யூவின் ஜோ பர்ரோ 16 டச்டவுன் பாஸ் எறிந்தார். சுமாரான குவார்ட்டர்பேக் என்ற பெயர். 2019-ல் அதே பர்ரோ 60 எறிந்தார், அணி 15-0 என்று தேசியப் பட்டம் வென்றது. இடையில் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் வந்தார், ரிசீவர்களைப் பரப்பி பர்ரோவிடம் முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்தார்கள், ரிசீவர்களும் ஒரு வருடம் முதிர்ந்திருந்தார்கள். 2018 படத்தைப் பார்த்து 2019-க்குத் தயாரானவர்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நிலைமை இன்னும் வேகம். 2021 முதல் ஒரு வீரர் ஓராண்டு காத்திருக்காமலே வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாம் என்று ஆனதிலிருந்து, ஜெர்சி அதே, உள்ளே இருக்கும் ஆட்கள் வேறு. அதனால் ஆகஸ்டில் நான் அணியின் பெயரைப் பார்ப்பதில்லை. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் யார், தடுப்பு ஒருங்கிணைப்பாளர் யார், அவர்கள் இதற்கு முன் எங்கே என்ன செய்தார்கள் என்று பார்க்கிறேன். அப்புறம் முன்வரிசை ஐவரில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணுகிறேன்.

கடைசியாக ஒன்று. முதல் டிரைவை வைத்து ஆட்டத்தை எடைபோட வேண்டாம். பல அணிகள் தொடக்கத்துப் பத்துப் பதினைந்து பிளேக்களை வெள்ளிக்கிழமைக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகின்றன. முதல் டிரைவில் அழகாக 75 யார்டு நடந்து டச்டவுன் அடித்தால், அது ஒரு வார வீட்டுப்பாடத்தின் பலன். அந்தத் தாள் தீர்ந்த பிறகு, எதிரணி என்ன மாற்றியிருக்கிறது என்று பார்த்து அங்கேயே பதில் தேட வேண்டும். நான் நோட்டைத் திறந்து டவுன், தூரம், ஹேஷ், சேஃப்டி எண்ணிக்கை என்று நான்கு பத்தி போட்டுக் குறிக்க ஆரம்பிப்பது இரண்டாவது கால் பகுதியில்தான். இடைவேளைக்குப் பின் இரு அணிகளின் முதல் இரண்டு டிரைவ்களை எக்காரணம் கொண்டும் தவற விடுவதில்லை. காப்பி போட எழுந்து போவதானால் இடைவேளையிலேயே போய்விடுவேன்.